சுவரோரம் தேங்குது தண்ணி. சுவரிலே ஓடுது விரிசல்!

வாசலுக்கு கிரானைட், தரைக்கு டைல்ஸ், முகப்புக்கு மூணு கலர் பெயிண்ட்! கடனை உடனை வாங்கியாவது செய்துவிடுகிறார்கள் வீட்டுக்காரர்கள். அஸ்திவாரத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. "அதான் மண்ணுக்குள்ளே பத்திரமா இருக்கே!" என்கிறார்கள்.

கோளாறே அந்த மண்ணில்தான்!

சென்னையில் திருவான்மியூர், சாந்தோம் பக்கம் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். களிமண் ஐப்பசி மழையில் உப்பும். கத்திரி வெயிலில் சுருங்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் போச்சு! ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கதவு நிலையில் உரசும்.

மணல்காரருக்கும் நிம்மதி இல்லை. பூமிக்குள் சாக்கடைக் குழாய் ஒழுகினால் மணலை அரித்துக்கொண்டு போய்விடும்.

மருந்து ரொம்ப சுலபம். சுவரோரம் தண்ணீர் நிற்கக் கூடாது. வீட்டைச் சுற்றி மூணடிக்கு சிமெண்ட் தளம் போட்டு, வெளிப்பக்கம் வாட்டம் விட வேண்டும். மாடித் தண்ணீர் சுவரடியில் கொட்டக் கூடாது. ஒழுகும் குழாயை அன்றைக்கே அடைக்க வேண்டும். சுவரில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது, நல்ல காரியம். ஆனால் அந்தக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டுவது வினையை விலைக்கு வாங்குவது!

வாடகை வீடுகளில் நடப்பது வேறு கூத்து. விரிசலில் பட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்து, புதுக் குடித்தனம் வைக்கிறார்கள். விரிசல் மறையும், வியாதி மறையுமா? பூச்சில் விழும் மயிரிழைக் கீறலுக்குப் பயம் வேண்டாம். பெரிதாகத் தெரிந்தால் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுத வேண்டும். கோட்டைத் தாண்டினால் இஞ்சினீயரைக் கூப்பிட வேண்டும், பெயிண்டரை அல்ல!

வீட்டுக்காரர் கையில் இல்லாததும் ஒன்று உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் ரோடு மேல் ரோடு போட்டால், வீடு பள்ளத்தில் போகும். தெருத் தண்ணீர் முழுக்க அஸ்திவாரத்துக்கே வரும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் கூத்து சென்னையில் நடப்பது இதனால்தான். தெருவாசிகள் ரோடு போடும் அன்றைக்கே கேட்க வேண்டும். போட்டு முடித்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?

பி.எப். பணமும் அடகு வைத்த நகையும் சேர்ந்ததுதான் நடுத்தரக் குடும்பத்தின் வீடு. மழைக்கு முன்னால் ஒரு நாள் கொல்லைப்பக்கம் சுற்றிப் பார்த்தால் அது நிற்கும்!