கண்காட்சியில் கடை போட்டால் மட்டும் போதுமா?

தமிழக அரசின் வேளாண் வணிகத் திருவிழா 2023 ஜூலை 8, 9 தேதிகளில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. கோவை கொடிசியா வளாகத்திலும் வேளாண் கண்காட்சி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. விளைவித்தவரே நேரில் நின்று விற்க இவை நல்ல வாய்ப்புத்தான். ஆனால் திட்டக்குடி வட்டாரத்துச் சிறு விவசாயக் குழுக்கள் புறப்படுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். கடை இடம் இலவசமாகவே கிடைத்தாலும் வண்டி வாடகை, சாப்பாடு, தங்கும் செலவு என்று 8,000 ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் கடலை எண்ணெயும் முந்திரியும் 15,000 ரூபாய்க்கு விற்றால் கல்லாப்பெட்டி நிறைந்தது போலத்தான் தோன்றும். நூற்றுக்கு 20 ரூபாய் லாபம் என்றால் கிடைத்தது 3,000. கையை விட்டுப் போனது 5,000. அந்த இரண்டு நாளும் ஆடிப்பட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டிய நாட்கள் என்றால், அந்த நஷ்டம் தனி.

இந்த 5,000 ரூபாயை மீட்டுத் தருபவர் கால் கிலோ பொட்டலம் வாங்கிப் போகிறவர் அல்ல. மூட்டைக் கணக்கில் கேட்கும் வியாபாரிதான். அவர் அதிக நேரம் நிற்கமாட்டார். எத்தனை மூட்டை தருவீர்கள், எந்த மாதம், என்ன தரம், என்ன விலை என்று கேட்பார். கடையில் நிற்கும் பையன் "தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றால், அடுத்த கடைக்குப் போய்விடுவார். பல குழுக்கள் பேச்சு வன்மை உள்ளவரை அனுப்பிவிட்டு, விலை முடிக்கும் அதிகாரத்தை ஊரிலேயே வைத்துக்கொள்கின்றன. இது பெரிய தவறு.

தரத்தைச் சொல்ல ஆய்வுக்கூடம் எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த நிலக்கடலையில் சரியாக 1 கிலோ எடுத்து, உடைத்துப் பருப்பை நிறுக்கட்டும். 700 கிராம் வந்தால் நூற்றுக்கு 70. இந்த ஓர் எண்ணைச் சொல்பவரிடம் வியாபாரி பேசுகிற விதமே வேறு. ஈரப்பதத்தையும் அவர் கேட்பார். ஈரம் தங்கிய கடலையில் பூஞ்சை பிடித்து நச்சு உண்டாகும் என்பது அவருக்குத் தெரியும். முந்திரிப் பருப்பானால் எண்ணிக்கை பேசும். 320 என்ற தரம், ஒரு பவுண்டுக்கு அதிகபட்சம் 320 முழுப் பருப்பு என்பதையே குறிக்கும்.

விலைக்கு, புறப்படும் முதல் நாள் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் என்ன விலை போனது என்று குறித்துக்கொண்டு போவது நல்லது. அதற்கு மேல் சுத்தம் செய்த கூலி, சாக்கு, லாரி வாடகை சேர்த்தால் எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். பொட்டலமாக விற்பதானால் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட மாதம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் பையை எந்தப் பெரிய கடைக்காரரும் வாங்கி அடுக்கமாட்டார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையை வாங்குபவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே வாங்குகிறார். கடலைக்கும் அதுவே முறை. திறந்த தட்டில் மாதிரி இருக்கட்டும், அள்ளிப் பார்க்கட்டும், மென்று பார்க்கட்டும். படங்களும் பதாகையும் குறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஐந்தாறு குழுக்கள் தனித்தனியே போய் ஒரே பொருளை ஒன்றுக்கொன்று விலை குறைத்து விற்பதைவிட, ஒரே கடையாகப் போவது எவ்வளவோ மேல். ஒரு லாரி சரக்கு கேட்பவருக்கு ஒரு குழுவால் கொடுக்க முடியாது. ஐந்து குழு சேர்ந்தால் முடியும். கேட்டவர் பெயர், ஊர், தேவையான அளவு, சொன்ன விலை எல்லாம் ஒரு நோட்டில் ஏறவேண்டும். ஊர் திரும்பிய வாரத்திலேயே மாதிரிப் பை போய்ச் சேரவேண்டும். அனுப்புமுன் அதே சரக்கில் இன்னொரு பையையும் கட்டி, தேதி எழுதி, இருவர் கையெழுத்துப் போட்டு ஊரில் வைத்துக்கொள்ளட்டும். லாரி போய் இறங்கிய பிறகு "காட்டிய சரக்கு இதல்ல" என்று வியாபாரி விலையைக் குறைக்கப் பார்த்தால், அவிழ்த்துக் காட்ட அந்தப் பை இருக்கும்.