பீரோவில் தூங்கும் பட்டுக்கு தூரிகை தரும் மறுவாழ்வு!

முந்தானையில் சாம்பார் கறை, மடிப்பில் வெளுத்த கோடு... பீரோவின் அடித்தட்டில் இப்படி ஒதுங்கிய பட்டுப்புடவை எல்லா வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். கட்டவும் முடியாது, ஜரிகைக்காகப் பழைய பட்டு வாங்க வருகிறவரிடம் போடவும் மனசு வராது.

அந்தக் கறையின் மேலேயே ஒரு தாமரை மலர்ந்தால்? கையால் வரைந்த பட்டுப்புடவைகளின் அழகே இதுதான். கடையில் தொங்குவதிலிருந்து ஒன்றை எடுக்கும் வேலையில்லை. பாட்டி வீட்டுச் சங்குப்பூவா, பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரையா... எதை வரைவது என்று கட்டுபவரே சொல்லலாம். கணவர் போனபிறகு 'இனி இந்தக் கலர் எதுக்கு?' என்று கேட்டுக்கேட்டே வெளிர் நிறத்துக்குத் தள்ளப்பட்ட அம்மாக்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களின் வெறும் சந்தன நிறப் பட்டில், அவர்களே கேட்டு ஒரு செம்பருத்தி வந்து உட்கார்வது சின்ன விஷயமில்லை.

துணியில் வரைவது திருவள்ளூர் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டியதே, இந்தச் சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்துக்காகத்தான். இங்கிருந்து போன துணிகளைக் கொடுத்து, கிழக்குத் தீவுகளில் மசாலா வாங்கினார்கள்.

ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீகாளஹஸ்தி. மூங்கில் குச்சியில் துணியைச் சுற்றிச் செய்த 'கலம்'தான் அங்கே பேனா. கடுக்காயில் நனைத்த துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கோடு இழுத்தால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். அழியும் நிலையிலிருந்த இந்தக் கலம்காரிக்கு, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியில் 1957-ல் அங்கே பயிற்சி மையம் வந்தது. கலையே ஒருமுறை மறுபிறவி எடுத்திருக்கிறது!

ஆனால், கலம்காரிக்குச் சாயம் ஏறாத வெறும் துணி வேண்டும். வீட்டுப் பழைய பட்டுக்கு ஃபேப்ரிக் பெயின்ட்தான் வழி. இங்கேதான் கவனம் தேவை. ஒருமுறை வரைந்தால் அழிக்க முடியாது. அம்மாவின் முகூர்த்தப் பட்டில் முதல் சோதனை வேண்டவே வேண்டாம்.

புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மடிப்பில் இழை பிரிந்து வெளிச்சம் தெரிந்தால், சட்டத்தில் இழுத்துக் கட்டும்போதே கிழியும். எண்ணெய்க் கறை இருந்தால் முதலில் டிரை வாஷ். இல்லாவிட்டால் பெயின்ட் ஒட்டாது. அரக்கு, கரும்பச்சை போன்ற அடர் நிறப் பட்டில் பெயின்ட்டைக் கெட்டியாகப் போட வேண்டியிருக்கும். பட்டு அட்டை மாதிரி விறைத்து, கொசுவம் உட்காராது. வெளிர் நிறம்தான் நல்லது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 'ஹேண்ட் பெயின்ட்' என்ற பெயரில் டிஜிட்டல் பிரின்ட்டும் விற்பனைக்கு வருகிறது. முந்தானையில் இரண்டு பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதழின் வளைவு, நிழல் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தால் அது மெஷின். கை வேலை என்றால் ஒரு இதழாவது கொஞ்சம் கோணியிருக்கும்.

வரைந்த புடவையை வெயிலில் போடாதீர்கள். சென்ட் அடிக்கும்போது படத்தின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அயர்ன் எப்போதும் உள்பக்கம்தான்.