பட்டாவுக்கா தாகம்?

சென்ற மாசி மாதம் பாசஞ்சர் வண்டியில் ஒலக்கூரில் இறங்கி, என் தகப்பனார் விட்டுச் சென்ற நிலத்தைப் பார்க்கப் போனேன். இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு. பட்டா என் பெயரில். மண்வெட்டி வேறொருவர் கையில். இருபது வருஷமாக வாரத்துக்குப் பயிர் வைக்கும் பெரியவர், மணிலாவுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொல்லையில் சொட்டு நீர்க் குழாய்கள் வரிசையாக ஓடின.

"நமக்கும் அது வேணும் ஐயா. பங்குனிக்கே கெணறு வத்திப் போவுது. ஆபீசுல குத்தகைப் பத்திரம் கேக்கறாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா..."

"யோசிப்போம்" என்றேன். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்தோடு ஊர் திரும்பினேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைக்க நூற்றுக்கு நூறு மானியம். மற்றவர்களுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து. நான் மானியத்துக்கு எதிரி அல்ல. கம்பெனிகளுக்கு வரிச் சலுகை தரும்போது வாய் திறக்காமல், உழவனுக்குக் குழாய் கொடுத்தால் மட்டும் கணக்குக் கேட்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். என் சண்டை வேறு. தண்ணீரைக் காப்பாற்றக் கொடுக்கும் பணம், தண்ணீரைக் காப்பாற்றுகிறவன் கைக்கு ஏன் போவதில்லை?

நானே மனுப் போடலாமே என்பீர்கள். போடலாம். அளவுப்படி பார்த்தால் நான் குறு விவசாயி! ஒரு நாளும் மடை திருப்பியறியாத எனக்குக் குழாய் சொந்தமாகும். நாளை அவரை நான் மாற்றினால் குழாய் என்னோடு தங்கும், அவர் வெறுங்கையோடு போவார்.

சட்டம் இல்லாமல் இல்லை. சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்று 1955-இலேயே சட்டம் வந்தது. அவர் பெயரைப் பதிவு செய்ய 1969-இல் இன்னொன்று. இரண்டுக்கும் பயந்துதான் நம்மைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே வைத்துக்கொண்டோம்.

அரசாங்கத்தையும் கேட்கிறேன். 1990-இலிருந்து விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம். இப்போது நீரை மிச்சப்படுத்தக் குழாய். மிச்சமான நீர் கிணற்றிலேயே நின்றதா, இன்னொரு ஏக்கருக்குப் பாய்ந்ததா? குழாய் பதித்ததைப் படமெடுக்கிறவர்கள், சித்திரையில் வந்து கிணற்றில் கயிறு விட்டு அளந்தால் என்ன? அமெரிக்காவில் 1985 முதல் ஒரு திட்டம் உண்டு: அரிக்கும் நிலத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் உழாமல் புல் வளர்க்க ஒப்புக்கொண்டால், வருஷா வருஷம் பணம். அங்கே பணத்துக்கு எதிரே ஒரு கடமை நிற்கிறது. இங்கே பட்டா மட்டும் நிற்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. அடங்கலில் உண்மையாகப் பயிர் செய்கிறவர் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயருக்கு மானியம் கொடுங்கள். கிணற்று நீர்மட்டத்தையும் கூடவே குறித்து வையுங்கள்.

அதற்கு முன், நம் பங்கு ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கும் உங்கள் பீரோவிலும் ஏதோ ஒரு ஊரின் பட்டா இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். நான் பத்திரத்தாள் வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஒலக்கூர் போகிறேன்.