அண்ணன் தம்பி வேறு, அப்பன் மகன் வேறு



உங்களில் நிறையப் பேர் இன்று டிசைன் வேலையில் இருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருப்பவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் கம்பெனிகளுக்கு லோகோ வரைபவர்கள், ஊர்க்கொடைக்கு நோட்டீஸ் போட்டுக் கொடுக்கும் தம்பிமார் என்று எல்லா வகையும் உண்டு. எல்லார் கம்ப்யூட்டரிலும் ஒரே காட்சிதான்: 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'கடைசி ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்'. இதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

சிரிப்பாகத் தோன்றும். ஆனால் நம் சொந்தத்தில் நடந்த கதையைக் கேளுங்கள். ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மூன்று மாடல் போட்டார்கள். இடையில் முகூர்த்த நேரம் மாறியது. இரண்டு மாடலில் நேரத்தைத் திருத்தினார்கள். மூன்றாவதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். பெண்வீட்டாருக்குக் கடைசியில் பிடித்தது அந்த மூன்றாவதுதான். அச்சாகி வந்த பிறகு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேனாவால் திருத்தினார்கள். அதற்கு முன்பே கொடுத்த பத்திரிகைகளை என்ன செய்ய? அதை நம்பி வந்த பெரியவர் ஒருவர் மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. அவர் வருத்தம் இன்னும் தீரவில்லை.

கவனக்குறைவு என்று ஒரு பையனைத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறு ஃபைல்களை வைத்திருந்த முறையில் இருக்கிறது.

மாற்று வேறு, திருத்தம் வேறு. சிவப்புப் பத்திரிகையும் பச்சைப் பத்திரிகையும் அண்ணன் தம்பி. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். நேற்றைய சிவப்பும் இன்று திருத்திய சிவப்பும் அப்பன் மகன்; மகன் வந்ததும் அப்பன் ஓய்வுக்குப் போகவேண்டும். இந்த இரண்டு உறவையும் 'ஃபைனல்' என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறோம்.

பழையதை அழித்துவிட்டால் குழப்பம் தீரும் என்பார்கள் சிலர். அதையும் நான் ஏற்கமாட்டேன். உ.வே. சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். பத்துப்பாட்டு ஏடு தேடி நம் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளுக்கெல்லாம் வந்தவர். ஏட்டுக்கு ஏடு சொல் மாறியிருக்கும். அவர் ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைத்தார்; மற்றவற்றைத் தூக்கி எறியாமல் பிரதிபேதம் என்று குறித்து வைத்தார். எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்றும் முகவுரையில் எழுதினார். பத்துப்பாட்டு வெளிவந்தது 1889இல். அவர் தள்ளிவைத்த பாடத்தையும் இன்றைக்கு நாம் எடுத்துப் பார்த்து யோசிக்க முடிகிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர் செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

நான் சொல்வது இவ்வளவுதான். மாற்றுக்கு எழுத்து, திருத்தத்துக்கு எண். 'கொடை நோட்டீஸ் ஆ 03' என்றால் இரண்டாவது மாடலின் மூன்றாவது திருத்தம் என்று யாருக்கும் புரியும். தேதி சேர்த்தால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் போடுங்கள். ஃபைல்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

நாள், நேரம், பெயர், இடம் போன்ற பொதுச் செய்திகளை ஒரே இடத்தில் வையுங்கள். போட்டோஷாப்பில் ஒரே ஃபைலுக்குள் லேயர் காம்ப் வைத்துப் பல மாடல்களைக் காட்டலாம். கோரல் டிராவில் மாஸ்டர் லேயரில் எழுதினால் எல்லாப் பக்கத்திலும் வரும். ஓரிடத்தில் திருத்தினால் போதும். பத்து காப்பி எடுத்தால் பத்து இடத்தில் திருத்தவேண்டும். ஒன்று கட்டாயம் தப்பும்.

அச்சுக்கு அனுப்ப எழுத்துகளைக் கர்வ்ஸ் ஆக்குவீர்கள். அதன்பின் அந்த எழுத்தைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஆகவே கர்வ்ஸ் ஆக்காத மூல ஃபைலைத் தனியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது அதன் ஓரத்திலேயே 'ஆ 03' என்று தெரியட்டும். 'ஓகே' என்று மட்டும் பதில் வந்தால் ஏற்காதீர்கள். 'ஆ 03 சரி' என்று எழுதி வாங்குங்கள். எடுக்காத மாடல்களை 'மாற்று' என்ற ஃபோல்டரில் போட்டு, ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த வருடக் கொடைக்கு உதவும்.

"சீசன் நேரத்தில் இதற்கெல்லாம் எங்கே சார் நேரம்?" என்பீர்கள். பெயர் வைக்க அரை நிமிடம் ஆகும். தப்பாக அச்சடித்த பத்திரிகையை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்று அந்தக் கல்யாண வீட்டாரிடம் கேளுங்கள்.

இன்று ராத்திரி உங்கள் ஃபோல்டரைத் திறந்து எத்தனை 'ஃபைனல்' இருக்கிறது என்று எண்ணி, கீழே கமெண்டில் போடுங்கள். பொய் சொல்லக்கூடாது, வகுப்பில் யார் யார் பொய் சொல்வீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்