உதட்டைத் தூக்கிப் பாருங்க

1/ கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் அரசு மருத்துவரா இருக்கேன். பல் டாக்டர் இல்ல, எம்பிபிஎஸ்தான். ஆனா பல் சொத்தையால கன்னம் வீங்கி, காய்ச்சலோட ராத்திரியில தூக்கிட்டு வர்ற மூணு வயசுக் குழந்தையை முதல்ல பார்க்கிறது நாங்கதான்.

2/ "பால் பல்லுதானே சார், விழுந்துடும்னு விட்டுட்டோம்." அடிக்கடி கேட்கிற பதில். கடைவாய்ப் பால் பல் விழ 10, 12 வயசு ஆகுங்க. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை எதை வச்சு மெல்லும்?

3/ சொத்தை கருப்பா ஆரம்பிக்காது. வெள்ளையாத்தான் ஆரம்பிக்கும். மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு கோடு. கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் பெரும்பாலும் காப்பாத்திடும். அதை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க.

4/ எப்படிப் பார்க்கிறது? குழந்தையை மடியில படுக்க வைங்க. மேலுதட்டைத் தூக்குங்க. சுத்தமான துணியால பல்லைத் துடைச்சிட்டு வெளிச்சத்துல பாருங்க. ஈரமா இருந்தா அந்த வெள்ளை சரியா தெரியாது. ஊக்கு, குச்சி வச்சுக் குத்தாதீங்க, இளகின பல் உடைஞ்சிடும்.

5/ வெள்ளையா இருக்கும்போதே கண்டுபிடிச்சா சொத்தையை நிறுத்தலாம், திருப்பவும் முடியும். ஃப்ளூரைடு பேஸ்ட் உதவும்: 3 வயசுக்குள்ள அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு. தூங்கும்போது பால் புட்டி வேண்டாம். தூக்கத்துல எச்சில் குறையும், பால் பல்லுலயே தங்கிடும்.

6/ குழி விழுந்துட்டா தானா மூடாது. பல் டாக்டர்கிட்ட போங்க. டிரில் பண்ணாமலே சொத்தையை நிறுத்துற சில்வர் டயமின் ஃப்ளூரைடு மருந்து இருக்கு. 2021-ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்ந்தது. சொத்தை இடம் கருப்பாகும், அவ்வளவுதான். பல் இடுக்குல இருக்கிற சொத்தை கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு எக்ஸ்ரே வேணுமான்னு அவங்க சொல்வாங்க.

7/ நைட் ஷிஃப்டுக்குப் போற அம்மாவையோ, அழுற பிள்ளைக்குப் புட்டியைக் கொடுத்துத் தூங்க வைக்கிற பாட்டியையோ நான் குறை சொல்லல. அவங்ககிட்ட இதை யாரும் சொல்லலைங்கிறதுதான் என் வருத்தம்.

8/ 2013-ல தொடங்கின ஆர்பிஎஸ்கே திட்டத்துல அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை பரிசோதனை. அதுல பல்லும் உண்டு. நல்ல திட்டம். ஆனா அடுத்த பரிசோதனை வர்றதுக்குள்ள வெள்ளைக் கோடு குழியாயிடலாம்.

9/ என் கோரிக்கை ஒண்ணுதான். அங்கன்வாடியில மாசாமாசம் எடை பார்க்கிறோமே, அப்பவே உதட்டையும் தூக்கிப் பார்க்கணும். டீச்சரம்மாக்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கணும். கருவி வேண்டாம், அரை நிமிஷம் போதும்.

10/ அரசு செய்யும்போது செய்யட்டும். நீங்க இன்னைக்கே உங்க பிள்ளையோட உதட்டைத் தூக்கிப் பாருங்க. பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்க.