மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ், பதினைந்தாம் நாள் டியூட்டியா?

பல்லாவரத்தில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றை நிர்வகிக்கும் பெரியவர், மகளிர் தினக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியதற்கு இது பதில். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஊழியருக்குப் பதினைந்து நாள் லீவு தாராளம் என்றார். ஆஸ்பத்திரியே மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. வேலைக்கு வந்து நாலு பேரோடு பழகினால்தான் மனசு தெளியும். மாதக்கணக்கில் லீவு கேட்டால் நாளைக்குப் பெண்களை யார் வேலைக்கு எடுப்பார்கள்? கைதட்டலும் விழுந்தது. தட்டியவர்களில் அவர் கடைப் பெண்களும் உண்டு. மேலாளர் மேடையில் நிற்கும்போது தட்டாமல் என்ன செய்வார்கள்?

மூன்றாம் நாள் அனுப்புவது, மீதியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக. மார்பகத்தோடு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால், விலாவில் ஒரு டியூபோடுதான் பெரும்பாலும் வீட்டுக்கு வருவார்கள். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் சேரும் நீரைத் தினமும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். அளவு குறைந்த பிறகே டியூபை எடுப்பார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரமும் தாண்டும். ஐயா சொல்லும் பதினைந்தாம் நாளில் அந்த டப்பாவை நைட்டிக்குள் ஊக்கு குத்தித் தொங்கவிட்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதோடு வந்து கவுண்டரில் நிற்கச் சொல்கிறாரா?

அவர் கடையில் என்ன வேலை? மேல்தட்டிலிருந்து புடவைக் கட்டை இறக்குவது, உதறி விரிப்பது, மடிப்பது, திரும்ப ஏற்றுவது. ஆபரேஷன் ஆன பெண்ணோ தலை சீவக் கை தூக்க முடியாமல், சுவரில் விரல்களை அங்குலம் அங்குலமாக ஏற்றிப் பயிற்சி செய்துகொண்டிருப்பார். கணு எடுத்த பக்கத்துக் கையில் வீக்கம் கண்டுவிட்டால் அது ஆயுசுக்கும் கூடவே வரலாம். பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்வது அதனால்தான்.

ஆபரேஷனோடு முடிவதுமில்லை. பலருக்குக் கீமோ உண்டு, பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு தடவை, மாதக்கணக்கில். பிறகு ரேடியேஷன்: வாரத்தில் ஐந்து நாள், மூன்றிலிருந்து ஐந்து வாரம். மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிஷம்தான். பல்லாவரத்திலிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போய்த் திரும்புவதற்கு அரை நாள் போய்விடும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய இடம் அது. வரிசை இன்னும் குறையவில்லை.

மனசு தெளிய வேலை வேண்டும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சீக்கிரமே திரும்ப விரும்பும் பெண்கள் உண்டு. டாக்டர் சம்மதித்தால் வரட்டும், அரை நாள் வேலையாகக் கொடுங்கள். ஆனால் அது அவர்கள் கேட்டு வாங்குவதாக இருக்க வேண்டும். இன்னொன்று. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஆரோக்கியமானவர்கள் உட்காரவே சட்டம் தேவைப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, நோயாளியின் மனசைப் பற்றிக் கவலைப்படுவதற்குத் தைரியம் வேண்டும்.

இனி, பெண்களை யார் எடுப்பார்கள் என்ற மிரட்டல். அடியில் இருப்பது காசுக் கணக்குதான். அதையே பார்ப்போம். இ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஊழியருக்கு நோய்க்கால உதவி வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கு மேல், நீடித்த நோய்களுக்கான பட்டியலில் புற்றுநோயும் உண்டு. இரண்டு வருஷ வேலையும் போதிய சந்தாவும் இருந்தால் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்க வழியிருக்கிறது. இதில் முதலாளி கையிலிருந்து போவது எவ்வளவு? ஊழியர் 0.75 சதவீதம் கட்ட, அவர் கட்டும் 3.25 சதவீதம். அந்தப் பெண் நோயில் விழுந்தாலும் விழாவிட்டாலும் அதே 3.25. ஆக, தன் கல்லாவிலிருந்து போகாத பணத்துக்குத்தான் இந்தப் புலம்பல். ஊழியரை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கவே இல்லை என்றால் பேச்சே வேறு. அப்போது மேடையில் நிற்க வேண்டியவர் அவரல்ல, அவரை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர்.

அவர் நியாயமாகக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ.யில் சேர மாதச் சம்பளத்துக்கு 2017-இல் 21,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்களே, அதற்குச் சற்று மேலே வாங்கும் சூப்பர்வைசர் பெண் எங்கே போவார்? கடைகள் சட்டம் தரும் 12 நாள் நோய் விடுப்பில் அவருடைய டியூபே வெளியே வந்திருக்காமல் போகலாம். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புற்றுநோய் என்று கண்டறிந்த நாளிலிருந்தே ஊழியருக்குப் பாதுகாப்பு. இங்கே அதைக் கேட்க முதலாளிகள் சங்கம் வாய் திறந்தால் நானும் கைதட்டுவேன்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ. பிடித்தத்தில் இருக்கும்போது விடுப்புச் சான்றிதழை இ.எஸ்.ஐ. டாக்டரிடமே வாங்குங்கள், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்கால உதவி வாங்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. அதனால்தான் சில இடங்களில் நீக்காமல், "நீயே எழுதிக் கொடுத்துவிடும்மா" என்று அன்பாகக் கேட்பார்கள். அந்த ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.