பணத்தைக் காக்கும் கைக்கு என்ன கூலி?

சென்ற மாதம் புக்கிட் ரோத்தானில் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். தோட்டத்து இளைய கிராணி ஒருவர் ஒரு வேலை விளம்பரத்தை நம் முன்னே விரித்து வைத்தார். கோலாலம்பூரில் ஒரு கம்பெனிக்கு நிதி நிர்வாகி தேவை. மாதச் சம்பளம் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். போனஸும் கார்ச் செலவும் தனி. "நானும் கணக்குத்தான் எழுதுகிறேன், அவரும் கணக்குத்தான் எழுதப் போகிறார். எனக்கும் அவருக்கும் நடுவில் இவ்வளவு தூரம் எப்படி ஐயா வந்தது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த, நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய அம்மாள் ஒருவர் சிரித்துக்கொண்டே, "எனக்கும் உனக்கும் நடுவிலே இருந்த தூரத்தை முதல்லே கேட்டுச் சொல்லு, தம்பி" என்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகளே. வயிற்றெரிச்சலால் எழுந்த கேள்விகள் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பிறர் வாங்கும் சம்பளம் எதனால் அமைகிறது என்று தெரியாதவன், தன் சம்பளம் எதனால் அமைகிறது என்பதையும் அறிய மாட்டான்.

நிதி நிர்வாகியின் வேலைதான் என்ன? கம்பெனிக்கு எங்கிருந்து பணம் வரும், எப்போது வரும், வங்கியில் என்ன வட்டிக்குக் கடன் கிடைக்கும், எந்தத் தோட்டத்தில் மறுநடவு செய்வது, எந்தத் தோட்டத்தை விற்பது, வரி எவ்வளவு, பங்குக்காரருக்கு இலாபம் எவ்வளவு என்று பார்ப்பது அவர் பொறுப்பு. செக்ரோலில் நம் பேர் விழுவது காலை பெரட்டிலே. அந்தப் பேர்கள் எல்லாம் கூட்டப்பட்டு, "ஒரு கிலோவுக்கு அடக்கச் செலவு இவ்வளவு" என்று ஒற்றை எண்ணாக மாறுவது அவர் மேசையிலே. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதலாளிகள் நம்மோடு சம்பளப் பேச்சுக்கு வந்து உட்காருகிறார்கள். ஆகவே, அவரை நாம் கண்ணால் கண்டதில்லை என்றாலும் அவர் நமக்கு அந்நியரல்லர்.

அவர் சம்பளத்தை உயர்த்தும் காரணங்களில் முதலாவது, பேனாவின் கீழ் இருக்கும் பணத்தின் அளவு. பத்து இலட்சம் புழங்கும் கம்பெனியில் ஒரு நாள் முழுதும் உழைப்பவரும், நூறு கோடி புழங்கும் கம்பெனியில் அதே ஒரு நாள் உழைப்பவரும் ஒரே சம்பளம் வாங்குவதில்லை. பெரிய அதிகாரிகளின் சம்பளம் கம்பெனியின் இலாபத்தைவிட அதன் விற்பனை அளவோடுதான் அதிகம் ஒட்டிச் செல்கிறது என்று அமெரிக்கப் பொருளியலார் 1950-களிலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். இது நமக்குப் புதிய செய்தியா? அந்தக் காலத்துக் கங்காணிக்குத் தலைக்காசு இருந்தது. வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 2 காசு. நூறு ஆளை வைத்திருந்த கங்காணி, இருபது ஆளை வைத்திருந்தவனைவிட ஐந்து மடங்கு உழைத்தானா? இல்லை. அவனுக்குக் கீழே அத்தனை தலைகள் இருந்தன, அவ்வளவுதான். பட்டணத்து நிதி நிர்வாகியின் சம்பளத்திலும் இந்தத் தலைக்காசின் வாசனை கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, பட்டயம். 1967-ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டத்தின்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக இல்லாதவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழகப் பட்டமோ, ஏ.சி.சி.ஏ. போன்ற தேர்வோ, அதன்மேல் சில ஆண்டு அனுபவமோ இருந்தால்தான் உள்ளே இடம். இதை நாம் குறை கூறவில்லை. குறித்துக்கொள்கிறோம். தொழிலில் யார் நுழையலாம் என்று தாங்களே தீர்மானித்து, வாசலில் சட்டத்தையே காவலுக்கு நிறுத்தி, அதனால் தங்கள் உழைப்பின் விலையை உயர்த்திக்கொண்ட அமைப்புக்கு நாம் என்ன பெயர் வைப்போம்? தொழிலாளி கூடினால் தொழிற்சங்கம், சந்தையின் சுதந்திரத்துக்கு இடையூறு. படித்தவர் கூடினால் கழகம், தொழிலின் கௌரவம்! பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை மிச்சம் விட்டு, காயம் படாமல், முப்பது ஆண்டுக்குப் பட்டை நிற்கும்படி விடியற்காலை இருட்டில் கத்தி பிடிப்பதும் தேர்ச்சி வேண்டும் வேலைதான். அதற்குப் பட்டயம் கொடுக்க எவரும் முன்வரவில்லை.

மூன்றாவது, கையெழுத்தின் பொறுப்பு. இதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், கம்பெனியின் கணக்கு உண்மை என்று ஓர் இயக்குநரோ, நிதி நிர்வாகத்துக்கு முதற்பொறுப்பு வகிப்பவரோ சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும் என்கிறது. பொய்யென்றால் அவர் தலைக்குத்தான் ஆபத்து. ஆபத்துக்கு விலை உண்டு, தருவது முறையே. ஆனால் அந்தப் பேனா பொய் எழுதினால் விழுவது யார் தலை? அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் சரிந்தது. அதன் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ கணக்கை மறைத்துக் கோடிக்கணக்கில் சேர்த்தவர். 2004-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2006-ல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் போயிற்று, ஓய்வுக்காலச் சேமிப்பும் போயிற்று. அவர்கள் எந்தக் கணக்கிலும் கையெழுத்திடவில்லை.

ஊரும் துறையும் சேர்ந்தே சம்பளத்தை அசைக்கின்றன. வங்கியும் எண்ணெய்க் கம்பெனியும் தருவதைத் தோட்டக் கம்பெனி தராது. கோலாலம்பூரில் கிடைப்பது கோல சிலாங்கூரில் கிடைக்காது. அமெரிக்க அரசின் 2024 மே மாதக் கணக்குப்படி அங்கே நிதி நிர்வாகிகளின் நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 161,700 டாலர். எல்லா வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால் நடுநிலை 49,500 டாலர். ஏறத்தாழ மூன்றே கால் மடங்கு. நம் நாட்டில் 2023-ல் நடுநிலைச் சம்பளம் மாதம் 2,602 வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை அறிவித்தது. அதைப் பத்தாயிரத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வருகிறது. 2025 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒப்பிட்டாலோ ஆறு மடங்குக்குக் கொஞ்சம் கீழே.

நிற்க. இந்த மடங்குக் கணக்கைச் சொல்லி முடிப்பதற்காக நாம் எழுத உட்காரவில்லை. இதன் அடியில் இன்னொன்று இருக்கிறது.

நம் சம்பளத்தை எந்தக் கோலால் அளக்கிறார்கள், அவர் சம்பளத்தை எந்தக் கோலால் அளக்கிறார்கள்? 1920-களின் இறுதியில் இந்தியத் தொழிலாளிக்கு நிலைச் சம்பளம் குறித்தார்கள். போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எப்படிக் குறித்தார்கள்? மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை முழம் துணி என்று ஒரு செலவுப் பட்டியல் போட்டு, இவ்வளவு இருந்தால் உயிர் நிற்கும் என்று கூட்டி வைத்த தொகை அது. பெண்ணின் வயிறு சிறியது என்று எண்ணினார்கள் போலும்! 1930-ல் உலக மந்தம் வந்ததும் அதையும் 40, 32 என்று வெட்டினார்கள். ரப்பர் விலை விழுந்ததற்குக் காரணம் இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தது; வெட்டு விழுந்தது லயத்திலே.

பிற்பாடு விலையோடு ஏறி இறங்கும் சம்பளம் வந்தது. கொரியப் போரின்போது, 1951 தொடக்கத்தில், இறாத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டிய ரப்பர் 1953-ல் எழுபது காசுப் பக்கம் இறங்கியது. தொழிலாளி சம்பளமும் கூடவே இறங்கியது. சந்தையின் ஆபத்தைத் தோளில் சுமந்தவன் தொழிலாளி. ஏஜென்சிக் கம்பெனியோ, கணக்கு எழுதிக் கொடுத்ததற்குக் கட்டணம், சாமான் வாங்கிக் கொடுத்ததற்குக் கமிஷன், ரப்பர் விற்றுக் கொடுத்ததற்குக் கமிஷன் என்று தன் பங்கை எடுத்துக்கொண்டது. நிதி நிர்வாகிக்கு இன்று தரும் போனஸும் இலாபத்தோடு ஏறும். நஷ்டம் வந்தால் போனஸ் நிற்குமே தவிர, அடிச்சம்பளத்தில் யாரும் கை வைப்பதை நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

இன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய சம்பள ஆலோசனை மன்றம் அதைப் பரிந்துரைக்கிறது. வறுமைக்கோடு, விலைவாசி, உற்பத்தித் திறன், வேலையின்மை, நாட்டின் நடுநிலைச் சம்பளம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். சட்டம் வந்ததே பெரிய முன்னேற்றம். நம் சங்கம் பல்லாண்டு கேட்டது. ஆயினும் அளவு தொடங்கும் இடம் அதே வறுமைக்கோடுதான். நிதி நிர்வாகிக்கு யாராவது அரிசிக் கணக்குப் போடுகிறார்களா? இல்லை. இயக்குநர்களின் சம்பளக் குழு கூடுகிறது. இதே அளவுள்ள மற்றக் கம்பெனிகள் இந்தப் பதவிக்கு என்ன தருகின்றன என்று பார்க்கிறது. குறைத்துக் கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்று அஞ்சுகிறது. கொஞ்சம் கூட்டியே போடுகிறது. ஒவ்வொரு கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் எல்லாருடைய சம்பளமும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் அல்லவா? அவருக்கு அளவுகோல் அண்டை வீடு. நமக்கு அளவுகோல் வயிறு.

1941-ல் கிள்ளானில் எழுந்து சிலாங்கூர் எங்கும் பரவிய வேலைநிறுத்தத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆர். எச். நாதனும் தோழர்களும் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை இந்தியத் தொழிலாளிக்கும் கொடு என்றார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். முதற்கோரிக்கை வேறொன்றுமில்லை; எங்களுக்கும் அண்டை வீட்டைப் பார்த்து அளவு போடு என்பதே. அதற்குக் கிடைத்த பதில் அவசரகால நிலையும் துப்பாக்கியும். நாதனுக்கு நாடு கடத்தல்.

1981 செப்டம்பர் 7-ஆம் நாள் காலை, இலண்டன் பங்குச் சந்தையில் கத்திரி கம்பெனியை நம் நாட்டு நிறுவனம் வாங்கிக் கைப்பற்றியது. தோட்டங்கள் நம்மவர் கைக்கு வந்தன. நாமும் மகிழ்ந்தோம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கோல சிலாங்கூர் சாலையின் இரு பக்கமும் இப்போது பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முதலாளி மாறினார், மரம் மாறியது, கோல் மட்டும் அதே கோல்.

நாம் என்ன கேட்கிறோம்? நிதி நிர்வாகியின் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அதைக் குறைத்தால் நம் பானையில் அரிசி கூடாது. அதைக் கண்ணுக்குத் தெரிய வை என்கிறோம். நம் சம்பளம் காசு வரை கூட்டு ஒப்பந்தத்தில் அச்சாகிறது, யாரும் படிக்கலாம். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் முதல் ஐந்து உயர் அதிகாரிகள் வாங்குவதையோ 50,000 வெள்ளி அகலமுள்ள பட்டைகளாகச் சொன்னால் போதும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் நிறுவன நல்லாட்சி நெறி. அதைக்கூடப் பின்பற்றாமல், காரணம் சொல்லி விலகிக்கொள்ளலாம். அந்தப் பட்டையின் அகலம் எவ்வளவு தெரியுமா? 1,700 வெள்ளிக்காரருக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுச் சம்பளம்! இந்தியாவிலே 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஒவ்வோர் இயக்குநரின் சம்பளமும் நடுநிலை ஊழியர் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லியாக வேண்டும் என்கிறது. நிதித் தலைவருக்கு அந்த ஆண்டு எத்தனை சதம் உயர்ந்தது என்பதும் ஊழியருக்கு எத்தனை சதம் உயர்ந்தது என்பதும் ஒரே அறிக்கையில் வர வேண்டும். பாட்டன் ஊரில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கிராணித் தோழர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. உங்கள் சங்கம் வேறு, எங்கள் சங்கம் வேறு. பழைய நாளில் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தூரம் சிறிதன்று. அந்த அம்மாள் கேட்டது அதைத்தான். அந்தத் தூரத்தை வைத்தவர்கள் உங்களை நிதி நிர்வாகியின் நாற்காலிக்கு அருகிலும் சேர்க்கவில்லை. தோட்டத்தின் முதற்கணக்கு உங்கள் கையில் பிறக்கிறது. அது தவறினால் மேலே எல்லாம் தவறு. எல்.சி.சி.ஐ. தேர்வு எழுதிய பலர் உங்களிடையே உண்டு. ஏ.சி.சி.ஏ.-யின் அடிப்படைத் தேர்வுகளுக்கு முன்தகுதி கேட்பதில்லை. படிப்புச் செலவும் தேர்வு விடுப்பும் அடுத்த ஒப்பந்தத்தில் எழுத்தில் வரும்படி கேளுங்கள். நாங்களும் உடன் நிற்போம்.

ஆண்டறிக்கைகள் இப்போது இரகசியமல்ல. பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். அந்த இளைய கிராணி தம் தோட்டக் கம்பெனியின் அறிக்கையை அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். சம்பளப் பக்கத்தைத் தமிழில் படித்துச் சொல்வது நம் பொறுப்பு. அம்மாளும் வருகிறார்.